குடும்பத்தில் காது கேளாமை: மரபணுக் காரணத்தைக் கண்டறியச் செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

நன்றாகக் காது கேட்கும் தாய்தந்தையருக்குக் காது கேளாத குழந்தை பிறந்தால், நம் பக்கத்தில் முதலில் எழும் பேச்சு "எங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி இல்லையே" என்பதுதான். அடுத்த பேச்சு, பெரும்பாலும் தாழ்ந்த குரலில், பெண் வீட்டு வழியைப் பற்றியதாக இருக்கும். இந்த இரண்டுக்கும் மரபியலில் இடமில்லை. பிறவிக் காது கேளாமை ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிறது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காரணம் மரபணுவில் இருக்கிறது. மரபுவழி வரும் கேளாமையில் பத்தில் ஏழு பங்கு, உடலின் வேறு எந்தப் பகுதியையும் தொடாமல் காதை மட்டும் பாதிப்பது. அவற்றிலும் ஏறத்தாழ 80 விழுக்காடு ஒடுங்கு மரபு எனப்படும் வகை. அந்த வகையில், குறையுள்ள மரபணுவின் ஒரு படியை (நகலை) தாயும் மற்றொரு படியைத் தந்தையும் கொடுத்தால்தான் குழந்தைக்குக் காது கேளாமல் போகும். ஒரு படி மட்டும் உள்ளவருக்குக் காது நன்றாகவே கேட்கும்; அவரைக் 'கேரியர்' என்கிறார்கள். ஆகவே, குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் திடீரெனத் தோன்றுவதே இந்த வகைக்கு இயல்பு. இதில் இரு வீட்டாருக்கும் சமபங்கு உண்டு என்பதை வீட்டுப் பெரியவர்கள் முதலில் ஏற்றுக்கொண்டால், பின்வரும் வேலைகள் அனைத்தும் எளிதாகும்.

முதலில் காதை உறுதி செய்யுங்கள்

மரபணுவைத் தேடிப் போவதற்கு முன், குழந்தைக்கு எவ்வளவு கேட்கிறது, எந்த இடத்தில் தடை இருக்கிறது என்பது தெரிய வேண்டும். குழந்தை பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல்கட்டச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் காதொலிக் கருவியோ பயிற்சியோ தொடங்குதல் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் அளவு. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்தவர் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், பொன்னமராவதி, கடியாபட்டிப் பக்கத்தவர் புதுக்கோட்டைக்கும் செல்வது வழக்கம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் ஏற்படுத்தப்பட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இதற்கு உரிய முதல் வாசல்.

இரண்டு சோதனைகள் உண்டு. ஓஏஇ என்பது உட்காதின் மயிர்ச் செல்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது. பெரா என்பது ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது. ஓஏஇ மட்டும் செய்து "தேறிவிட்டது" என்று அனுப்பிவிட்டால் ஒரு வகைக் கேளாமை தப்பிவிடும். ஓடிஓஎஃப் என்ற மரபணுவில் குறை உள்ள குழந்தையின் மயிர்ச் செல்கள் நன்றாக இயங்கும், ஆனால் அவற்றிலிருந்து நரம்புக்குச் செய்தி செல்லாது. ஓஏஇ சரியாக இருக்கும், பெராவில் அலையே எழாது. எனவே குழந்தை ஒலிக்குத் திரும்பவில்லை என்று வீட்டில் சந்தேகம் இருந்தால், முதல் சோதனை என்ன சொன்னாலும் பெராவைக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். போகும் வழியில் பேருந்திலோ காரிலோ தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டு, அங்கே போய்ப் பாலூட்டித் தூங்க வைப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒரு நாள் வீணாகும்.

மரபணு அல்லாத காரணங்களையும் இப்போதே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்: கர்ப்பத்தில் ரூபெல்லா போன்ற காய்ச்சல், குறைமாதப் பிறப்பு, இரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், பச்சிளங்குழந்தைப் பிரிவில் போட்ட ஊசிகள். பிரசவ மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மரபியல் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

குடும்ப மரத்தைப் பிறப்பின்படி வரையுங்கள்

இந்த வேலையில் பணம் செலவாகாத, ஆனால் மிகுந்த பயன் தரும் பகுதி இதுதான். மூன்று தலைமுறையாவது வர வேண்டும். நான்கு வந்தால் இன்னும் நல்லது. ஆண்களைக் கட்டமாகவும் பெண்களை வட்டமாகவும் வரையுங்கள். காது கேளாதவரின் குறியை மையால் நிரப்புங்கள். கணவன் மனைவியை ஒரு கோட்டால் இணையுங்கள். இருவரும் இரத்த உறவினரானால் இரட்டைக் கோடு போடுங்கள். எந்தக் குழந்தைக்காகத் தேடுகிறீர்களோ அந்தக் குழந்தையை அம்புக்குறியால் காட்டுங்கள்.

நகரத்தார் குடும்பங்களில் ஆண்வழி வரலாறு எளிதாகக் கிடைக்கும். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பது கோயில்களில் தங்கள் கோயில் எது என்பதும், பங்காளிகள் யார் யார் என்பதும் சிறுவர்களுக்குக்கூடத் தெரியும். புள்ளிக் கணக்கும் (கோயிலில் பதிவாகும் மணமான குடும்பங்களின் கணக்கு), பெட்டகத்தில் இருக்கும் பழைய இசைகுடிமானங்களும் (திருமண ஒப்பந்த ஓலைகள்), மொய் நோட்டுகளும் பெயர்களையும் ஊர்களையும் தந்துவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கோயில் தந்தை வழியாக மட்டுமே செல்கிறது. மரபணுவோ தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் சரிபாதியாக வருகிறது. "பெண் வேறு கோயில், ஆகவே சொந்தமில்லை" என்ற கணக்கு திருமண முறைக்குப் பொருந்தும், மரபியலுக்குப் பொருந்தாது.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். மாத்தூர்க் கோயிலைச் சேர்ந்த ஓர் ஐயாவுக்கு (தாத்தாவுக்கு) ஒரு மகனும் ஒரு மகளும். மகள் இலுப்பைக்குடிக் கோயில் குடும்பத்தில் வாழ்க்கைப்படுகிறார். அவருடைய மகன் இலுப்பைக்குடிப் புள்ளி ஆகிறான். ஐயாவின் மகனுக்குப் பிறந்த பெண் மாத்தூர். இந்தப் பையனுக்கு அந்த அம்மான் மகளை முடிக்கிறார்கள். கோயில் வேறு, முறை சரி, இரு வீட்டுக் கோயில் மாலையும் வந்து திருமணம் சிறப்பாக நடக்கிறது. ஆனால் அந்த ஐயா ஒரு கேரியராக இருந்திருந்தால், அவருடைய குறையுள்ள படி மகன் வழியாகப் பேத்திக்கும், மகள் வழியாகப் பேரனுக்கும் வந்து, அவர்களுடைய குழந்தையிடம் இரண்டு படிகளாகச் சேரும் வாய்ப்பு 64-இல் ஒன்று. அவர் ஒருவரைப் பொறுத்த கணக்கு இது. ஐயா, ஆயா இருவரிடமும் உள்ள இரண்டிரண்டு படிகளையும் சேர்த்துப் பார்த்தால், குழந்தையின் எந்த ஒரு மரபணுவும் ஒரே மூதாதையரின் ஒரே படியிலிருந்து இருமுறை வந்ததாக இருக்கும் வாய்ப்பு 16-இல் ஒன்று. அக்காள் மகளை மணக்கும் குடும்பங்களில் இதுவே 8-இல் ஒன்று ஆகும். உறவுத் திருமணம் செய்தவர்களை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. அவர்களில் பெரும்பான்மையோரின் குழந்தைகள் நல்ல செவித்திறனோடுதான் பிறக்கின்றன. காது கேளாத ஒருவர் ஏற்கெனவே குடும்பத்தில் இருக்கும்போதுதான் இந்தக் கணக்கு கனம் பெறுகிறது. தமிழ்நாட்டில் கால்வாசித் திருமணங்களுக்கு மேல் உறவுக்குள் நடப்பதால், நகரத்தார் மட்டுமல்லாமல் இப்பகுதியில் வாழும் எல்லாச் சமூகத்தாரும் பார்க்க வேண்டிய கணக்கு இது.

பிள்ளை கூட்டிக்கொண்ட குடும்பங்களில் இன்னும் கவனம் வேண்டும். சுவீகாரம் வந்த மகன் சொத்துக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாட்டுக்கும்) கூட்டிக்கொண்ட வீட்டுப் பிள்ளை. மரபணுவுக்குப் பெற்ற வீட்டுப் பிள்ளை. இரண்டு தலைமுறை கடந்துவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கு இது தெரியாமலே போய்விடுவதுண்டு. மரத்தில் அவரைப் பெற்றவர்களின்கீழ் வரைந்து, கூட்டிக்கொண்ட வீட்டுக்குப் புள்ளிக்கோடு போடுங்கள். இதை மறைத்துக் கொடுக்கும் மரம் மருத்துவரைத் தவறான திசையில் அனுப்பிவிடும்.

பெண்வழியை ஆச்சிமார்தான் சொல்ல முடியும். படைப்புக்கோ மணிவிழா போன்ற ஒரு சாந்திக்கோ எல்லாரும் கூடும் நாளில், இரண்டாங்கட்டில் அமர்ந்திருக்கும் அப்பத்தாவையும் ஆயாவையும் தனித்தனியே கேளுங்கள்; சேர்த்து வைத்துக் கேட்டால் சம்பந்திகளுக்கு முன் சிலவற்றை அவர்கள் சொல்லமாட்டார்கள். "காது கேளாதவர் உண்டா" என்று மட்டும் கேட்டால் போதாது. அந்தக் காலத்தில் பேச்சு வராதவர், மந்தமானவர், வீட்டோடு வைத்துக்கொண்டவர், கட்டிக்கொடுக்காமல் விட்டவர் என்று சொல்லப்பட்டவர்களில் சிலர் உண்மையில் காது கேளாதவர்களாக இருந்திருப்பார்கள். யாருக்கு எந்த வயதில் காது மந்தமானது என்றும் கேட்க வேண்டும்: எழுபதில் வருவதற்கும் முப்பதில் வருவதற்கும் வேறுபாடு மிகப் பெரிது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய் அங்கேயே தங்கிவிட்ட கிளைகளை விட்டுவிடாதீர்கள். பினாங்கிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஒரு சிற்றப்பா வீட்டுப் பேரனுக்கு ஏற்கெனவே மரபணுச் சோதனை செய்திருந்தால், அந்த ஓர் அறிக்கை இங்கே பெரும் செலவைக் குறைத்துவிடும்.

மரத்தில் சேர்த்து எழுத வேண்டிய வேறு சில அடையாளங்கள்

மரபுவழிக் கேளாமையில் மீதி மூன்று பங்கு, காதோடு வேறு உறுப்புகளையும் பாதிப்பது. அதற்கான தடயங்கள் குடும்பப் பேச்சில் சாதாரணமாக வந்து போகும். யாரும் காதோடு இணைத்துப் பார்ப்பதில்லை. முன்நெற்றியில் பிறவியிலேயே ஒரு வெள்ளைக் கற்றை முடி, இரு கண்களும் வெவ்வேறு நிறம் என்றால் வார்டன்பர்க் என்ற வகையை நினைக்க வேண்டும். காதுக்கு முன்னால் ஊசி முனை அளவு துளை, கழுத்தில் நீர் கசியும் துவாரம் இருந்தால் சிறுநீரகத்தை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். கழுத்தில் தைராய்டு வீக்கம் இருந்தால் பெண்ட்ரெட் என்ற வகையாக இருக்கலாம். சிறுநீரில் இரத்தம் போய்ச் சிறுநீரகம் பழுதானவரும், காது மந்தமானவரும் ஒரே கிளையில் இருந்தால் அதையும் குறியுங்கள்.

இரண்டு வகைகளை மட்டும் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தாமதத்தால் இழப்பு பெரிது. ஒன்று, காது கேளாத குழந்தை ஓடும்போதோ பயந்தபோதோ அழும்போதோ மயங்கி விழுவது. வலிப்பு என்று கருதி மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். உண்மையில் அது இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். 1957-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட, ஜெர்வெல்-லாங்கே நீல்சன் எனப்படும் இந்த நோய்க்குறியில் திடீர் மரணம் நேரலாம். தக்க மருந்தால் அதைப் பெரிதும் தடுக்கலாம். பிறவியில் இரு காதும் முற்றிலும் கேளாத ஒவ்வொரு குழந்தைக்கும் ஒருமுறை ஈசிஜி எடுத்துவிடுங்கள். எங்கும் கிடைக்கும், மலிவான சோதனை. மற்றொன்று அஷர் நோய்க்குறி. அதன் முதல் வகையில் குழந்தை ஒன்றரை வயது கடந்தும் நடக்காது. பத்து வயதை ஒட்டி மாலையில் கண் தெரியாமல் தடுமாறத் தொடங்கும். பார்வை குறையும் முன்பே காக்ளியர் இம்ப்ளாண்ட் (அறுவை செய்து உட்காதில் வைக்கும் மின்கருவி) பொருத்திப் பேச்சைக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்பதால், இதை முன்கூட்டியே அறிவது அந்தப் பிள்ளையின் வாழ்க்கையையே மாற்றும்.

மரம் முடிந்ததும் அதன் போக்கைப் பாருங்கள். தலைமுறைதோறும், ஆணுக்கும் பெண்ணுக்கும், ஒரு பெற்றோர் வழியாகவே வந்துகொண்டிருந்தால் ஓங்கு மரபு. பாதிக்கப்பட்டவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. உடன்பிறந்தவர்கள் இருவருக்கு மட்டும் இருந்து, பெற்றோருக்கும் மற்றவர்களுக்கும் இல்லையென்றால் ஒடுங்கு மரபு. தாய் வழியாக மட்டுமே, மகன் மகள் இருவருக்கும் வந்து, மகன்களின் பிள்ளைகளுக்கு வராமல் நின்றுவிட்டால் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும், தாயிடமிருந்தே வரும் நுண்ணுறுப்பு) வழி என்று கொள்ளலாம்.

மைட்டோகாண்ட்ரியா வழியில் ஓர் எச்சரிக்கை உண்டு. 1555 என்ற இடத்தில் ஓர் எழுத்து மாறிய குடும்பத்தினருக்கு ஜெண்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகள் சாதாரண அளவில் போட்டாலே காது போய்விடக்கூடும். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் போட்டபின் காது போனதாகச் சொல்லப்படும் பெரியாயாவோ, காய்ச்சலுக்கு ஊசி போட்டபின் கேட்காமல் போன அம்மானோ மரத்தில் இருந்தால், தாய்வழி உறவினர் அனைவரும் இந்தச் சோதனையைக் கேட்க வேண்டும். மாற்றம் இருப்பது உறுதியானால், அந்த மருந்துகளின் பெயரை எழுதி ஒவ்வொருவரின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

எந்த மரபணுக்கள்?

காதை மட்டும் பாதிக்கும் மரபணுக்களே நூற்றுக்கு மேல் கண்டறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது ஜிஜேபி2. 13-ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணுவுக்கும் கேளாமைக்கும் உள்ள தொடர்பு 1997-இல் வெளியாயிற்று. உட்காதில், மயிர்ச் செல்களைத் தாங்கி நிற்கும் செல்களுக்கிடையே நுண்ணிய இணைப்பு வழிகள் உண்டு. ஒலி வரும்போது மயிர்ச் செல்லுக்குள் புகும் பொட்டாசியம், பின்னர் இவ்வழிகளின் மூலமாகத்தான் திரும்ப எடுத்துச் செல்லப்படுகிறது என்று கருதப்படுகிறது. அந்த வழிகளைக் கட்டும் கனெக்சின் 26 என்ற புரதத்தை உருவாக்குவது ஜிஜேபி2. அப்புரதத்தில் 226 அமினோ அமிலங்கள் வரிசையாக நிற்க வேண்டும். இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் டபிள்யூ24எக்ஸ் மாற்றத்தில், 24-ஆவது இடத்திலேயே 'நிறுத்து' என்ற குறி வந்துவிடுகிறது. புரதம் உருவாவதே இல்லை. ஐரோப்பியரிடம் 35டெல்ஜி, சீன, ஜப்பானியரிடம் 235டெல்சி என்று வேறு மாற்றங்கள் மிகுதி. ஆகவே வெளிநாட்டு மாற்றம் ஒன்றை மட்டும் தேடும் மலிவான சோதனையை வாங்கிக்கொண்டு, "இல்லை" என்று வந்ததும் நிம்மதி அடைந்துவிடக்கூடாது. ஜிஜேபி2 முழுவதையும் படிக்கச் சொல்லுங்கள். இந்த மரபணுவால் கேளாமை வந்த குழந்தைகளுக்குக் கேட்கும் நரம்பு பொதுவாக நன்றாக இருப்பதால், காலத்தில் செய்த காக்ளியர் இம்ப்ளாண்ட் நல்ல பலன் தருகிறது.

அடுத்தது எஸ்எல்சி26ஏ4. பெண்ட்ரெட்டுக்குக் காரணமானதும் இதுவே. உட்காதின் ஒரு குழாய் ஸ்கேனில் அகன்று தெரியும். தலையில் அடிபட்டபின் கேட்கும் திறன் படிப்படியாகச் சரியும். இப்படி வந்தால் தலையில் அடிபடக்கூடிய விளையாட்டுகளைத் தவிர்த்து, தைராய்டைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

சோதனையும் அறிக்கையும்

சோதனைக்குச் சில மில்லி இரத்தம் போதும். வெறும் வயிறு தேவையில்லை. மதுரையிலோ சென்னையிலோ மரபியல் ஆலோசகரை நேரில் பார்த்து, மரத்தையும் பெரா அறிக்கையையும் வைத்துப் பேசியபின் இரத்தம் கொடுங்கள். முதலில் ஜிஜேபி2, அதில் விடை இல்லையென்றால் பல மரபணுக்களை ஒருசேரப் பார்க்கும் பேனல் அல்லது எக்சோம் சோதனை (எல்லா மரபணுக்களின் புரதம் உருவாக்கும் பகுதிகளையும் படிப்பது) என்பது நல்ல வரிசை. பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மைட்டோகாண்ட்ரியா மரபணுவும் இதில் அடங்குமா, மரபணுவின் ஒரு துண்டே காணாமல் போயிருந்தால் அதையும் கண்டுபிடிக்குமா, பெற்றோரின் மாதிரியைச் சேர்த்துப் பார்ப்பார்களா. பெற்றோரின் மாதிரி இன்றியமையாதது. குழந்தையிடம் ஒரே மரபணுவில் இரண்டு மாற்றங்கள் தென்பட்டாலும், இரண்டும் தாயிடமிருந்தே வந்திருந்தால் அது விடையாகாது. ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்ததாக உறுதிப்பட வேண்டும்.

அறிக்கையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து தரங்களில் ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். நோய் தருவது, நோய் தரக்கூடியது என்ற இரண்டையும் காரணமாகக் கொள்ளலாம். தீங்கற்றது, தீங்கற்றதாக இருக்கக்கூடியது என்ற இரண்டையும் விட்டுவிடலாம். நடுவில் 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று ஒன்று வரும். அதை வைத்துக் கருவைப் பற்றியோ திருமணத்தைப் பற்றியோ எந்த முடிவும் எடுக்கக்கூடாது. எதுவும் கிடைக்கவில்லை என்று அறிக்கை வந்தாலும், கேளாமை மரபணுவால் வரவில்லை என்று அதற்குப் பொருளில்லை. இன்றைய சோதனைக்கு எட்டவில்லை என்பது மட்டுமே பொருள்.

விடை கிடைத்தபின்

ஒடுங்கு மரபு என்று உறுதியானால், அதே தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் காது கேளாத குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவருக்கு வராது என்று எண்ணுவது தவறு. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. காது கேட்கும் உடன்பிறப்பு கேரியராக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. அவருக்கு உறவில் மணம் பேசும்போது, முறைப்பெண்ணுக்கோ முறைப்பையனுக்கோ அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்; எது என்று தெரிந்துவிட்டதால் செலவு மிகக் குறைவு. இருவரில் ஒருவரேனும் கேரியர் அல்ல என்றால் மனநிறைவோடு பாக்கு வைக்கலாம். இருவரும் கேரியர் என்றால் முடிவு அவர்கள் இருவருடையது. பெரியவர்கள் அதை ஊரறியப் பேசக்கூடாது. கருவில் மரபணுச் சோதனை செய்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற மையங்களில் மட்டுமே நடக்கலாம். அங்கும் ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம்.

காது கேளாத இருவர் மணந்துகொள்ளும் குடும்பங்களுக்கும் இந்த விடை பெரிதும் உதவும். இருவருக்கும் ஒரே மரபணுவில் ஒடுங்கு மரபுக் குறை என்றால் பிள்ளைகள் அனைவரும் காது கேளாதவர்களாகவே பிறப்பார்கள். வெவ்வேறு மரபணு என்றால் பிள்ளைகளுக்குப் பொதுவாக நன்றாகக் கேட்கும். சென்னைத் தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக மரபியல் துறையினர் தென்னிந்தியாவில் இத்தகைய தம்பதியரிடையே ஜிஜேபி2-வை ஆராய்ந்திருக்கிறார்கள். பிள்ளை எப்படிப் பிறந்தாலும் முதல் மாதத்திலிருந்தே சைகையும் பேச்சும் கிடைக்கும்படி ஏற்பாடு செய்ய, முன்னறிவு அந்தப் பெற்றோருக்கு நேரம் தருகிறது.

சிகிச்சையை மரபணு அறிக்கைக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள். காதொலிக் கருவியும் பேச்சுப் பயிற்சியும் உடனே தொடங்க வேண்டியவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் உண்டு, அந்த வயதைத் தாண்டவிட்டால் திட்டமும் போகும், மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் காலமும் போகும். ஓடிஓஎஃப் என்று விடை வந்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் ஒன்றைக் கூடுதலாகக் கேட்டுக்கொள்ளலாம். அந்த மரபணுவின் நல்ல படியை உட்காதுக்குள் செலுத்தும் சிகிச்சையால் குழந்தைகளுக்குக் கேட்கத் தொடங்கியதாக 2024-இல் சீனாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் முடிவுகள் வெளியாயின.

விடை கிடைக்காத குடும்பங்கள் சோதனைக்கூடத்திடமிருந்து மூலத் தரவையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே தரவை, புதிய இரத்தம் எடுக்காமலே, மீண்டும் ஆராயச் சொல்லலாம். இடைப்பட்ட காலத்தில் குடும்ப மரத்தில் புதிதாகச் சேர்ந்த பெயர்களையும் செய்திகளையும் அப்போது உடன் அனுப்புங்கள்.